மாதிரிக் கையெழுத்து

"பொருந்தலையேக்கா" என்கிறான்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹாலன்.
கோத்தகிரி கடைவீதி முழுக்க மூடுபனி.
வங்கிக்குள்ளும் கொஞ்சம் வந்து
வரிசையில் நிற்கிறது.

திரையை என் பக்கம் திருப்புகிறான்.
இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய அட்டை.
கட்டத்தின் இடது மூலையில்
குளிருக்கு ஒண்டிய மாதிரி
சு. அன்னபாக்கியம்.
கடைசி எழுத்தின் தலையில் புள்ளி இருக்கிறதா
உற்றுப் பார்க்க வேண்டும்.

"கட்டத்துக்குள்ள போடு" என்றது
அன்றைக்கு என் தோளுக்குப் பின்னால் ஒரு குரல்.
போட்டேன்.
கட்டத்தில் பாதிகூட எனக்குத் தேவைப்படவில்லை.

இன்றைய சீட்டில்
அன்னம் என்று ஒரு வீச்சு,
அதைத் தாண்டி ஒரு கோடு,
தொகை எழுதும் இடம்வரை போயிருக்கிறது.
எப்போது மாறியது? தெரியாது.
சபதம் எதுவும் எடுக்கவில்லை.
பிக்கப் வாங்கிய பிறகு
அரவேணு, நெடுகுளா, கூக்கல்தொரை,
நாளைக்கு எழுபது எண்பது இலைச்சீட்டு,
பானெட் மேல் வைத்து, நின்றபடி, மழையில்,
பின்னால் எவனாவது ஹாரன் அடிக்க.
எழுத்து எத்தனை நாள் குந்தியே இருக்கும்?
எழுந்துவிட்டது.

கவ்வாத்து வெட்டிய தேயிலையை
இந்த இடத்தில் உவமை சொல்வார்கள்.
நான் இலை எடுக்கிறவள்.
கவ்வாத்துக் காட்டில் அந்த வருடம்
எடை போட ஒன்றும் இருக்காது
என்பதுதான் எனக்குத் தெரியும்.

"மாத்திக்கலாம்க்கா. ஒரு படிவம்தான்.
மேல பழைய கையெழுத்து, கீழ புதுசு."
"பழசு எதுக்கு?"
"நீங்கதான் நீங்கன்னு தெரியணும்ல."

போட்டேன். பொருந்தவில்லை.
மறுபடியும், சின்னதாக.
அது குனிந்து நிற்கும் அன்னம்,
அன்னபாக்கியம் இல்லை.
மூன்றாவது படிவம் நீட்டும்போது
ஹாலன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
வெளியே வண்டியில் அறுநூறு கிலோ பச்சை இலை
சாக்குக்குள் சூடேறிக்கொண்டிருக்கிறது.

விரலை விட்டுவிட்டுத்
தோளைத் தேடினேன்.
இடது தோள் காதுப் பக்கம் ஏற வேண்டும்.
முழங்கை விலாவோடு ஒட்ட வேண்டும்.
பின்கழுத்தில் பீடி வாசம்.
மூச்சு.
ஆமாம், மூச்சை நிறுத்த வேண்டும்.

வந்தது.
ஒரு புள்ளி கூடக் குறைய இல்லாமல்
மூலையில் போய் நின்றது.

"அப்படியே இருக்கு!" ஹாலன் சிரிக்கிறான்.

யாராவது பழைய பேச்சை எடுத்தால்
அது நானில்லை என்று நகர்ந்திருக்கிறேன்.
காட்டெருமை குறுக்கே வந்தால்கூட
மன்னிச்சிருங்க என்று ஒதுங்குகிறவள் அவள்.
ஆனால்
குழுக் கடனுக்குத் திறந்து
அவன் மறந்துபோன இந்தக் கணக்கில்
அரிசியில், மண்ணெண்ணெயில் மிச்சம் பிடித்து
மாதம் நூறு நூறாய்ப் போட்டதும் அவள்.
வண்டிக்கு முன்பணம் அவள் கட்டினாள்.
ஒரு நாளும் ஏறவில்லை.

கீழே புதியதைப் போட்டேன்.
"கட்டத்துக்குள்ள போடுங்கக்கா,"
பாவம், ஸ்கேனர் எடுக்காதாம்.
"பெரிய கட்டம் இருந்தா குடு" என்றேன்.
தேடப் போனான், நிஜமாகவே.

பழைய அட்டைமேல் சிவப்புக் கோடு.
"கிழிச்சிருவீங்களா?"
"இல்லக்கா, ஃபைல்ல கெடக்கும்."
இரும்பு அலமாரி. கதவு சாத்தினால்
காற்று புகாது.
இருக்கட்டும்.

வண்டியைக் கிளப்பினேன்.
வைப்பர் நாலு தடவை போய் வந்தும்
கண்ணாடி தெளியவில்லை.
பிறகுதான் தெரிந்தது,
பனி உள்பக்கம்.
அங்கே நிறுத்தி வைத்ததெல்லாம்
இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது.

கரித்துணியால் துடைத்தேன்.
முதல் கியர்.